ஸ்ரெபியின் இடது முழங்கால்

கனடாவில், நாங்கள் இருக்கிற ஸ்காபுரோவில் என் மகளை முதன்முறை காண்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பஸ் தரிப்பிடத்தில், கடை வரிசையில், பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில், முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, கூடைப்பந்து விளையாடுகிறாயா என்பார். அவள் ஓம் என்றால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தன் பாட்டில் போய்விடுவார். யாழ்ப்பாணத்தில் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, இவளுக்கு எங்கே மாப்பிள்ளை எடுக்கப்போகிறீர்கள் என்று என்னிடம் கேட்பார்கள். கேட்கும்போதே ஒரு கை அவளுடைய புயத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பிடி. கனடாவில் பிறந்த பிள்ளை; கேட்காமல் தன்னைத் தொடும் கைகளுக்குப் பழக்கப்பட்டவள் அல்ல. போன ஆடி மாதம் குருநகரில் என் அண்ணை வீட்டில் நின்ற முதல் மூன்று நாட்களும், அந்த வெயிலிலும் அவள் நீளக் கைச் சட்டையோடுதான் திரிந்தாள்.

ஸ்ரெபனிக்கு, நாங்கள் ஸ்ரெபி என்போம், இருபது வயது. ஆறடி ஓரங்குலம். எல்லை தாண்டி ஐந்து மணித்தியாலக் கார் ஓட்டத் தூரத்தில், அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியின் பெண்கள் அணியில் விளையாடுகிறாள். அதற்காகத்தான் அந்தக் கல்லூரி அவளுக்கு இலவசமாகப் படிப்பும் தங்குமிடமும் கொடுக்கிறது. இரண்டு வருடம் முடிந்து இரண்டு வருடம் மிச்சமிருந்தபோது, போர்த்துக்கலில் ஒரு கழகம் அவளைச் சம்பளத்துக்கு விளையாட வரும்படி கேட்டது. ஊரிலிருந்து திரும்பி வந்த நாள் தொடக்கம், கலியாண வீட்டிலும் சாமத்தியச் சடங்கிலும் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, படிப்பை இடையில் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தொழிலாக விளையாட அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் விளையாடுகிறார்கள், அதனால் கேட்கிறார்கள். என்னிடம் ஆலோசனை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். சொல்லும்போது வருகிற அருவருப்பை மறைக்கப்போவதும் இல்லை.

அவளை விளையாட வைத்தவர் என் கணவர் அன்ரன். பாசையூரில் தேவாலயப் பங்கின் கரப்பந்து அணியில் அவர் எழுந்து அடித்தால் மறுபக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தை மூடிக்கொள்வார்களாம். இருபத்திரண்டு வயதில் நாட்டுச் சண்டை அவருடைய விளையாட்டை நிறுத்தியது. பிறகு ஸ்காபுரோவில் பாண் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைக்கு ஒன்பது வயதானபோது கராஜ் கதவுக்கு மேலே ஒரு வளையத்தைப் பூட்டினார். வேலை முடிந்து மாவு ஒட்டிய கைகளோடு அவளுக்குப் பந்து எறிந்துகொண்டு நிற்பார். அவள் எவ்வளவு உயரம் எழும்புகிறாள் என்று சுவரில் சோக்குக் கட்டியால் கோடு போடுவார். அந்த நாட்களில் அவரைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் மிச்சமெல்லாம் பொய்யாகிவிடும்.

போர்த்துக்கல் செய்தியை முதலில் எனக்குச் சொன்னவர் கல்லூரியின் பயிற்றுநர், என்னைவிடப் பத்து வயது இளைய வெள்ளைக்காரப் பெண். சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்னையும் மகளையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, மிகவும் மெதுவாக, எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தார். கையெழுத்து வைத்தால் கல்லூரி அணியில் இருக்க முடியாது, இலவசப் படிப்பும் நின்றுவிடும், யோசித்துச் செய்யுங்கள் என்றார். பிறகு, ஸ்ரெபனிக்கு ஒரு ஏஜென்ட் இருக்கிறாராமே, அவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.  அவளை எந்த நாட்டில் வைத்திருப்பான், எத்தனை மாதம் வைத்திருப்பான் என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். அம்மா வேறு ஏஜென்டைப் பற்றிக் கதைக்கிறா என்று ஸ்ரெபி ஆங்கிலத்தில் சொன்னாள்.

எங்கள் ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. நான் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கும் இருபது வயது. கோப்பாயில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. கணிதம். என் அண்ணை மரியதாஸ் அந்தக் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, படிப்பைப் பிறகும் படிக்கலாம், இந்தச் சந்தர்ப்பம் பிறகு வராது என்றார். இரண்டு கிழமையில் கனடா என்று சொன்ன ஏஜென்சிக்காரன், காசு வாங்கி ஆட்களைக் கள்ளமாக அனுப்புகிறவன், என்னை எட்டு மாதம் பாங்கொக்கில் ஒரு அறையில் வைத்திருந்தான். பதினொரு பெண்கள். பத்து நாளைக்கு ஒருமுறை வருவான். யாரோ ஒருத்தியின் கடவுச்சீட்டை விரித்து எங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, நாடியை விரலால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்ப்பான். பொருந்தியவள் போவாள். மற்றவர்கள் மறுபடி சுவரோரம் போய் இருப்போம். அந்த விரலில் எப்போதும் புகையிலை மணம். இன்றைக்கும் கனடாவில் யாராவது என் நாடியைத் தொட்டால், பல் வைத்தியர் தொட்டால்கூட, முகத்தை வெடுக்கென்று பின்னுக்கு எடுத்துவிடுவேன்.

ஸ்ரெபியின் ஏஜென்ட் எங்கள் ஆள்தான். கிருபா என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும், ஸ்காபுரோவுக்கு அடுத்த மார்க்கம் நகரத்தில் வீடு விற்று வாங்குகிற தொழில். பக்கத் தொழிலாக விளையாட்டுப் பிள்ளைகளைக் கழகங்களோடு சேர்த்துவிடுகிறான். என்னை அக்கா என்பான். கதைத்து முடிந்ததும் கைகளை ஒரு ஈரக் கடதாசியால் விரல் விரலாகத் துடைப்பான். நாங்கள் யாழ்ப்பாணம் போகிறோம் என்று தெரிந்ததும், தானும் அந்த நேரம் அங்கே நிற்பதாகவும், ஒரு காட்சிப் போட்டி வைத்தால் ஊருக்கும் பெருமை, வீடியோ எடுத்து போர்த்துக்கலுக்கும் அனுப்பலாம் என்றும் அன்ரனிடம் சொன்னான். ஆவணி முடிவதற்குள் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது கழகத்தின் நிபந்தனை.

நாங்கள் போய் இறங்கிய நான்காம் நாள் அண்ணை வீட்டு ஒழுங்கை முகப்பில் பனர் ஏறியது. எங்கள் மண்ணின் புதல்வி என்று பெரிய எழுத்து. ஸ்ரெபி பந்தோடு எழும்புகிற படம். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவளுடைய அரைக் காற்சட்டையை அச்சடித்தவர்கள் கணினியில் நீட்டிக் கணுக்கால் வரை கொண்டுபோய்விட்டிருந்தார்கள். தோளுக்கும் ஒரு சட்டைக் கை முளைத்திருந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், தோழிகளுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருடத்துக்கு முன் வந்தபோது இதே வீட்டில், இதே கதிரைகளில் இருந்துகொண்டு, பிள்ளையைத் துள்ள விட்டால் இன்னும் வளர்ந்துவிடும், பேசாமல் நிற்பாட்டுங்கள் என்று எனக்குப் புத்தி சொன்னவர்களின் பெயர்கள் அந்தப் பனரின் அடியில் வரிசையாக இருந்தன. வாழ்த்துவோர். அண்ணையின் மனைவி, என் மச்சாள் பிலோமினா அப்போது அவளைச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போகவே மாட்டேன் என்றவள். இப்போது வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிட்டு, என்ரை மருமகள் என்று காட்டினாள். உண்மையைச் சொன்னால், அந்தப் பெயர்களுக்கு நடுவில் என் பெயரையும் நான் தேடினேன். இருந்தது. ஒரு கணம் மனம் குளிர்ந்தது. அதை நினைக்கத்தான் இப்போது அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிருபா மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். நண்டுக்கறி வைத்தேன், அண்ணை விடியக் கரைக்குப் போய் வாங்கிவந்த நீலக்கால் நண்டு. மேசையில் அண்ணை, அன்ரன், கிருபா. ஸ்ரெபி பக்கத்து அறையில் படுத்திருந்தாள், கதவு திறந்துதான் இருந்தது. அவளுக்குத் தமிழ் விளங்கும், கதைக்கத்தான் தட்டுத்தடுமாறும். இது மூன்று பேருக்கும் தெரியும். கிருபா ஒரு நண்டுக்காலைப் பல்லால் கடித்து உடைத்து, உள்ளே இருந்த சதையை உறிஞ்சியபடி, பெண் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் ஆறேழு வருடம்தான் விலை இருக்கும், அதில் இரண்டைக் கல்லூரிக்குச் சும்மா கொடுப்பதா என்று கேட்டான். அன்ரன் தலையாட்டினார். அண்ணை, போர்த்துக்கல் போனால் அங்கேயே குடியுரிமையும் எடுக்கலாமோ, அப்படி எடுத்தால் தன் கடைசி மகனைக் கூப்பிடலாமோ என்று விசாரித்தார். கிருபா சூப்பிய கோதைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"படிப்பைப் பிறகும் படிக்கலாம் அக்கா. இந்தச் சான்ஸ் பிறகு வராது" என்றான்.

அண்ணையின் வாயிலிருந்து அதே வசனத்தைக் கேட்டு முப்பது வருடமாகப் போகிறது. அண்ணை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு அது நினைவிலேயே இல்லை என்று நினைக்கிறேன். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவனுக்கு இரண்டாம் முறையும் கறி போட்டேன்.

முழங்கால் விசயத்தை இனியும் தள்ளிப்போட முடியாது. பங்குனியில், பருவத்தின் கடைசிப் போட்டிகளில், ஸ்ரெபியின் இடது முழங்கால் வீங்கத் தொடங்கியது. கல்லூரி வைத்தியர் கோடை முழுவதும் ஓட்டமும் பாய்ச்சலும் வேண்டாம், புரட்டாசியில் ஸ்கான் எடுத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும், அன்ரனுக்கும் தெரியும். ஒரு நாள் நான் அவரிடம், அந்தக் கழகத்துக்குக் கால் விசயம் தெரியுமா என்று கேட்டேன். கிருபா பார்த்துக்கொள்வான் என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எட்டு மாதம் ஏஜென்சிக்காரனின் அறையில் இருந்தவள், கிருபா எதைப் பார்த்துக்கொள்வான் என்று கேட்காமல் விட்டேன்.

போட்டி ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு. மதியம் சாப்பிட்ட கையோடு அண்ணை வீட்டு முன்னறையில் பிள்ளைகளும் அயலவர்களும் நிறைந்திருந்தார்கள். மகளுக்கு மோர் கொண்டு உள்ளறைக்குப் போனேன். அவள் கட்டிலில் இருந்தாள். கிருபா கூட்டிவந்திருந்த ஒருவர், வைத்தியர் என்று சொன்னார்கள், பெயர் சொல்லவில்லை, தரையில் முழந்தாளிட்டு அவளுடைய முழங்காலின் பக்கவாட்டில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். வலி தெரியாமல் இருக்கப் போடுகிற விறைப்பு ஊசி. அன்ரன் அவளுடைய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், ஆடாமல் இருக்க. கிருபா யன்னலோரம் நின்று, கால் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிய ஒரு கடிதத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வெள்ளைத் தாள், ஊதா முத்திரை. நால்வரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் சிறுவர்கள் எட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. உள்ளே வந்து, என் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினேன். எத்தனையோ பேரைப் பற்றி இந்தக் கட்டுரையில் முகம் சுளிக்கிறேன். ஆனால் அந்தக் கதவின் கொளுக்கி விழுந்த சத்தம் என் கையால் எழுந்தது.

மைதானம் ஒரு பாடசாலைக்குச் சொந்தமான சீமெந்துத் தளம். கல்லூரியில் ஸ்ரெபி விளையாடுவது பொலிஷ் போட்ட மரத் தளத்தில். விழுந்தால் அது கொஞ்சம் நெகிழ்ந்து தாங்கும். இந்தத் தளம் பகல் முழுக்கக் காய்ந்து சூடேறி, வெடிப்புகளில் புல் முளைத்துக் கிடந்தது. எதிரணியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலிருந்து பொறுக்கிய பெண்கள். அவர்களின் தலைவி துஷ்யந்தி, சாவகச்சேரியிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வந்த பதினெட்டு வயதுப் பிள்ளை. ஐந்தடி நாலங்குலம் இருந்தால் அதிகம். ஸ்ரெபி பந்தை எடுத்துக்கொண்டு எழும்பும்போதெல்லாம் சனம் ஓவென்று கத்தியது. முதல் பாதியில் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. அன்ரன் கோட்டோரம் குந்தியிருந்து, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. நானும் கைதட்டினேன். எவ்வளவு அழகாக விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நான் பெற்ற பிள்ளை அப்படிக் காற்றில் நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் கை எழாது?

இடைவேளையில் தண்ணீர்ப் போத்தல்களோடு நின்ற என்னிடம் துஷ்யந்தி வந்தாள். வியர்வை வழிய, மூச்சு வாங்கியபடி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அன்ரி, அக்கா இடக்காலை ஊண்டுறா இல்லை. ஒவ்வொருக்காலும் வலக்காலிலைதான் வந்து விழுறா. பிழையாப் போகும். ஒருத்தரும் பாக்கேல்லையே?"

அவ்வளவுதான். ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தன்னை வெல்ல விடாமல் ஆடிக்கொண்டிருந்த எதிரணிக்காரியின் காலை, அந்த மைதானத்தில் அந்தப் பிள்ளை ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். இருநூறு பேர் இருந்தோம். பெற்றவர்கள் இரண்டு பேர் இருந்தோம்.

நான் ஸ்ரெபி இருந்த வாங்குப் பெஞ்சுக்குப் போய், எழும்பு, வீட்டுக்குப் போவோம் என்றேன். அன்ரன் ஓடி வந்தார். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அதுவரை அடக்கிவைத்தது எல்லாம் வாய்க்கு வந்தது. பிள்ளையை விறைக்கப் பண்ணி விற்கிறீர்கள், மாட்டுத்தரகன்கூட மாட்டின் பல்லை மறைக்க மாட்டான் என்று ஏசினேன். ஸ்ரெபி என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். அவள் தமிழில் நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. அன்றைக்குத் தமிழில்தான் கதைத்தாள், எனக்குத் தப்பாமல் விளங்க வேண்டுமென்று.

"அம்மா, ஊசி நான்தான் கேட்டனான். அப்பா வேண்டாம் எண்டவர். கால் போகப்போகுது எண்டு எனக்குத் தெரியும். ஸ்கான் எடுத்தால் எல்லாரும் நில் எண்டு சொல்லுவினம். அதுக்கு முதல் ஒரு வருசம், ஒரே ஒரு வருசம், இது என்ரை வேலை எண்டு சொல்ல வேணும் எனக்கு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய முழங்கால் என் முழங்காலுக்குப் பக்கத்தில், வீங்கி, மினுங்கிக்கொண்டிருந்தது. அன்ரன்மேல் கொட்டிய வார்த்தைகளை அள்ளி எடுக்க முடியாது. மகள்மேல் கோபப்படவும் முடியவில்லை. இருபது வயதில் நான் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே என்னை அனுப்பினார்கள். இவள் கேட்கிறாள். கேட்டுக்கொண்டு ஒரு பொய்யின் மேல் ஏறி நிற்கிறாள். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"போறதெண்டால் போ. நான் மறிக்கேல்லை. ஆனால் காலைப் பற்றி அவையளுக்கு நீயே சொல்லிப்போட்டுப் போ. வேறை ஒருத்தியின்ரை பாஸ்போட்டிலை, அவளின்ரை முகத்தோடை நான் போனனான். நீ அப்பிடிப் போகாதை."

அவள் கொஞ்ச நேரம் பந்தைக் காலுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தாள். இரண்டாம் பாதிக்கு அவள் இறங்கவில்லை. கணுக்கால் பிரண்டுவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

அப்போது கிருபா வந்தான். அவனுக்கு ஒரு துளி கோபமும் இல்லை. அதுதான் என்னால் மறக்க முடியாதது. முதல் பாதி வீடியோ காணும் அக்கா, இனி விளையாடத் தேவையில்லை, நின்றபடி ஒரு பத்துப் பந்து எறியச் சொல்லுங்கோ, முகம் கிட்டத்தில் வேண்டும் என்றான். சொல்லிக்கொண்டே மகளின் முகத்தில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கக் கையை நீட்டினான். அவள் தலையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். நான் எழுந்து அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன். ஒன்றும் ஏசவில்லை. அவன் என்னைப் பார்த்தான், பொக்கற்றிலிருந்து ஈரக் கடதாசியை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஸ்ரெபி பின்வளவு வேம்பின் கீழ் கதிரையைப் போட்டுக்கொண்டு, போர்த்துக்கல் கழகத்தின் பயிற்றுநருக்கு நேரடியாக அழைப்பு எடுத்தாள். வெயில் இன்னும் முற்றாக இறங்கவில்லை. என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். திரையில் குட்டைத் தலைமயிரோடு ஒரு பெண். ஸ்ரெபி எல்லாவற்றையும் சொன்னாள்: வீக்கம், வைத்தியர் சொன்னது, ஊசி, கடிதம் வந்தால் அதை நம்ப வேண்டாம் என்பது. அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு நன்றி சொல்லி, உனக்காக எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றார். எனக்கு மனம் துள்ளியது. தொடர்பு அறுந்ததும் மகளின் கையைப் பிடித்து, பார்த்தாயா, உண்மையைச் சொன்னதால் அவர்கள் இன்னும் விரும்பி எடுக்கிறார்கள் என்றேன். அவள் என்னைப் பாவம்போலப் பார்த்தாள்.

"அம்மா, அப்பிடிச் சொன்னால் இல்லை எண்டு அர்த்தம்."

எங்கள் ஊரில் பாப்பம் என்று சொல்வதுபோல. இத்தனை வருடம் ஆங்கிலத்துக்குள் வாழ்ந்தும் அந்த மரியாதையான மறுப்புகள் எனக்கு விளங்காமல் இன்னும் வாசலிலேயே நிற்கின்றன. அவள் அழுதாள். சத்தமில்லாமல், நீண்ட கால்களை மடக்கி வைத்துக்கொண்டு. நான் பக்கத்தில் இருந்தேன். இருநூறு பேரின் கைதட்டலுக்குப் பிறகு அந்த வளவில் நாங்கள் இருவரும் ஒரு பூனையும் மட்டும்.

மறுநாள் காலையில் அண்ணை என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார். "பிள்ளையின்ரை வாழ்க்கையை நீதான் கெடுத்தனி" என்றார். தன் கடைசி மகனின் பயணமும் அதோடு போனது என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே கேட்டது. அப்போது என் கோப்பாய்க் கடிதத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். அந்தக் கடிதத்தை என்ன செய்தீர்கள் அண்ணை என்றேன். என்ன கடிதம் என்று கேட்டார். நடிக்கவில்லை. உண்மையாகவே நினைவில்லை.  மச்சாள் அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு போட்டாள், ஆனால் பக்கத்தில் வந்து இருக்கவில்லை. வாழ்த்துவோர் ஒருவரையும் காணவில்லை. பனரைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கரைப்பக்கம் போனபோது, காயப்போட்ட கருவாட்டுக்கு மழை படாமல் யாரோ அதை விரித்து மூடியிருந்தார்கள். மகளின் முகத்தின்மேல் கல் வைத்திருந்தது. ஈக்கள் மொய்த்துக் கிடந்தன. அந்த வேலைக்காவது அது பயன்பட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

திரும்பும் விமானத்தில் அன்ரன் வேறு வரிசைக்கு மாறி இருந்தார். புரட்டாசியில் ஸ்கான் எடுத்தார்கள். உள்ளே குருத்தெலும்பு கிழிந்திருந்தது. அந்த நிலையில் ஊசியும் போட்டுக்கொண்டு சீமெந்துத் தளத்தில் பாய்ந்தது கிழிசலைப் பெருப்பித்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். அன்ரன் கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐப்பசியில் சத்திரசிகிச்சை நடந்தபோது மூன்று நாள் வேலைக்கு லீவு போட்டு, மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையிலேயே கிடந்தார். அவளுக்குக் காலணி மாட்டிவிட்டார். ஆனால் அவருடைய எண்ணம் மாறவில்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிள்ளை ஒரு வருடமாவது விளையாடியிருக்கும் என்று போன கிழமையும் சொன்னார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஒரு வருடம் விளையாடி, இது என் வேலை என்று சொல்லி, பிறகு நொண்டியிருப்பாள். அவள் கேட்டதும் அதைத்தானே. மாட்டுத்தரகன் என்று சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.  ஊசியைப் பற்றிக் கல்லூரிப் பயிற்றுநரிடமும் ஸ்ரெபி தானே சொன்னாள். கல்லூரி அவளுடைய இடத்தைப் பறிக்கவில்லை. இந்த வருடம் இருந்து பார், அடுத்த வருடம் கால் சொல்வதைக் கேட்போம் என்றிருக்கிறார்கள்.

கிருபா இப்போதும் தொழில் செய்கிறான். எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் அவனைச் சுற்றிப் பெற்றோர் நிற்கிறார்கள். ஒரு தகப்பன் தன் பதினாறு வயது மகனின் கையை விரித்து அவனுக்குக் காட்டியதை என் கண்ணால் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவன் அக்கா என்று கும்பிட்டான். நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கார்த்திகையில் பருவத்தின் முதல் போட்டிக்கு நான் தனியாகப் பஸ்ஸில் போனேன். ஸ்ரெபி ஊன்றுகோல்களைப் பக்கத்தில் சாத்திவிட்டு, அணிக்காரிகளோடு வாங்கில் இருந்தாள். அவளுடைய கல்லூரியின் நிறத்தில் ஒரு கழுத்துத் துணியை யாரோ என் தோளில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் கட்டம் தொடங்கும்போது தொலைபேசி அடித்தது. அண்ணை. ஆடி மாதத்துக்குப் பிறகு முதல் தரம். குருநகரில் அப்போது விடியப்போகும் நேரம். அவருடைய குரலுக்குப் பின்னால் காகங்களும், கரைக்கு வருகிற வள்ளங்களின் எஞ்சின் சத்தமும் கேட்டன. பிள்ளைக்கு எப்படி என்றார். போட்டி நடக்கிறது, வாங்கில் இருக்கிறாள் என்றேன். ஆர் வெல்லுகினம் என்று கேட்டார்.

"நாங்கள்தான்" என்றேன்.

 "நாங்கள் எண்டால் ஆர்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். தளத்தில் ஓடிக்கொண்டிருந்த ஐந்து பேரையும் பார்த்தேன். ஒருத்தியின் பெயரையும் என்னால் அண்ணைக்குச் சரியாகச் சொல்லிக்காட்ட முடியாது. அந்த நேரம் யாரோ பந்தை வளையத்துக்குள் போட்டார்கள், என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து கத்தினார்கள், நானும் எழுந்தேன். அண்ணையின் குரல் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது. ஒரு காதைக் கையால் பொத்தினேன். வள்ளங்களின் சத்தம் கேட்டது, மகளின் அணி கேட்கவில்லை. தொலைபேசியைச் சற்று விலக்கினேன். மண்டபம் கேட்டது, அண்ணை இல்லை. தோளில் அந்நிய நிறத்துத் துணியோடு, கையை எந்தக் காதுக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல், மற்றவர்கள் எல்லாரும் திரும்பக் கதிரைகளில் இருந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன்.